முதல் இரண்டு வசனங்கள் எங்கே?

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் முத்து வருகிறது. பின்னல், பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை இவற்றால் பெண்கள் தங்களை அழகுபடுத்திக்கொள்ள வேண்டாம் என்கிறது ஒன்பதாம் வசனம். மூன்று வசனம் தள்ளி, பெண் கற்பிக்கக் கூடாது, ஆணின் மேல் அதிகாரம் செலுத்தக் கூடாது என்கிறது பன்னிரண்டாம் வசனம். முத்தைக் கழற்று, வாயை மூடு. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

அந்த முத்து எங்கள் கடலுக்கு அந்நியமானது அல்ல. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததையும் அதில் தண்டனைக் கைதிகள் இறக்கப்பட்டதையும் சொல்கிறது. அதே நூற்றாண்டின் ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, முத்தைப் பற்றிப் பேசிய கையோடு, இந்தியாவும் சீனமும் அரபு நாடும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிலிருந்து உறிஞ்சுகின்றன என்று கணக்குப் போட்டார். யாரால் இந்த நஷ்டம்? நம் சொகுசாலும் நம் பெண்களாலும் என்று முடித்தார். மூழ்கியவன் கைதி, விற்றவன் வணிகன், வரி வாங்கியவன் அரசன், கப்பல் விட்டவன் முதலாளி. குற்றவாளி மட்டும் கழுத்தில் போட்டுக்கொண்டவள்.

தூத்துக்குடிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு பழையது. இன்று அந்தத் தொடர்பு இன்னொரு வடிவத்தில் நடக்கிறது. 'பவுலடிகளாரின் அடிச்சுவட்டில்' என்று நோட்டீஸ் அடித்து, கிரீஸுக்கும் துருக்கிக்கும் பத்து நாள் திருப்பயணம் கூட்டிப்போகிறார்கள். போகிறவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பணம் கட்டுகிறவர்களும் பெண்கள். காட்டப்படுவது ஆண்களின் பாதச்சுவடு மட்டும். அந்தப் பாதங்கள் எந்த வீட்டில் கழுவப்பட்டன, எந்தப் பெண்ணின் பணத்தில் அடுத்த கப்பல் ஏறின, யார் அவர்களோடு சரிசமமாக நின்று கற்பித்தார்கள் என்பது காட்டப்படுவதில்லை. இந்த மறைப்பு தற்செயலானது அல்ல என்பதும், நம் பணத்தைக் கொண்டே நமக்கு இந்தப் பாடம் நடத்தப்படுகிறது என்பதும், அதற்கு இனிமேல் நாம் சும்மா பணம் கட்டக் கூடாது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

சுமந்து போன இட்லிப்பொடி

நான் தூத்துக்குடியில் பரதவர் குடும்பத்தில் பிறந்தவள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பயணத்தில் போனேன். 42 பேரில் 31 பேர் பெண்கள். ஒரு மைனி இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் வந்தார். கணவரை இழந்த பெரியம்மா ஒருவர் ஒரு ஜோடி வளையலை விற்றார். கப்பலில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய காசில் வந்தவர்கள் நாலைந்து பேர். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர் ஒருவரும் இல்லை. அந்தக் கூலியில் ஒன்றே முக்கால் லட்சத்தைக் கனவில்கூட எண்ண முடியாது.

இவர்களின் பக்தியைக் கேலி செய்வது என் வேலை அல்ல. கன்னியாகுமரிக்குத் தனியாகப் போய் வருகிறேன் என்றால் ஆயிரம் கேள்வி கேட்கிற வீடு, சாமியார் கூட்டிப்போகிறார் என்றால் கிரீஸுக்கு அனுப்பி வைக்கிறது. அடுப்பிலிருந்து பத்து நாள் விடுதலை. எங்கள் தாய்மாரில் பலருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வெளியூர்ப் பயணம் திருப்பயணம்தான். அதனால்தான் அந்தப் பத்து நாளில் அவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பது முக்கியமாகிறது.

அரசாங்கம்கூட இதைக் கவனித்திருக்கிறது. எருசலேம் செல்லும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழக அரசு 2011இல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியபோது தலைக்கு 20,000 ரூபாய். பிறகு அது 37,000 ஆனது. அருட்சகோதரிகளுக்குத் தனி இடம் ஒதுக்கி 60,000 ஆக்கினார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த பெண்ணின் கையில் பணம் இருக்காது என்பது கோட்டையில் இருப்பவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் நடத்தி, மருத்துவமனை நடத்தி, சம்பளக் கவரைப் பிரிக்காமல் சபையிடம் கொடுக்கும் அந்தப் பெண்களைப் பற்றித் திருச்சபை என்ன கணக்கு வைத்திருக்கிறது என்று யாராவது கேட்க வேண்டும்.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். பத்து நாளும் பேசியவர்கள் மூன்று பேர்: கூட வந்த அருட்தந்தை, கிரேக்க வழிகாட்டி, துருக்கிய வழிகாட்டி. மூவரும் ஆண்கள். பாட்டு எடுப்பதும், காணிக்கை வசூலிப்பதும், தூத்துக்குடியிலிருந்து பெட்டியில் சுமந்து போன இட்லிப்பொடியையும் ஊறுகாயையும் ஹோட்டலில் பிரித்துப் பரிமாறுவதும் எங்களுக்கு.

பிலிப்பியில் ஆற்றங்கரைக்குப் போனோம். பவுல் அந்த ஊரில் முதலில் தேடிப்போனது அங்கே செபிக்கக் கூடியிருந்த பெண்களைத்தான். அவர்களில் ஒருவர் தியத்திராவைச் சேர்ந்த லீதியா, செந்நிறத் துணி வணிகர். அந்தக் காலத்து உயர்ந்த செவ்வூதாச் சாயம் கடல் நத்தையிலிருந்து எடுக்கப்பட்டது. கொஞ்சம் சாயத்துக்கு ஆயிரக்கணக்கில் நத்தை வேண்டும். அப்படிப்பட்ட சரக்கில் கை வைத்தவருக்கு முதல் இருந்திருக்கும், கணக்குத் தெரிந்திருக்கும், ஊர்விட்டு ஊர் ஆள் இருந்திருக்கும். அவர் தன் வீட்டாரோடு திருமுழுக்குப் பெற்றார். ஐரோப்பிய மண்ணில் பவுலின் பேச்சைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்றவர்களில் முதலில் பெயர் சொல்லப்படுபவர் அவர். தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று பவுலின் கூட்டத்தை வற்புறுத்தி இணங்க வைத்தார். சிறையிலிருந்து வெளியே வந்த பவுலும் சீலாவும் நேராகப் போனது அவர் வீட்டுக்கு. சபை கூடியிருந்ததும் அங்கேதான்.

முத்துக்கும் சங்குக்கும் கரையில் விலை பேசிய குடும்பங்களிலிருந்து வந்த 31 பெண்களுக்கு, கடற்பொருள் வணிகம் செய்த லீதியாவைப் பற்றி அந்த ஆற்றங்கரையில் என்ன மறையுரை கிடைத்தது தெரியுமா? விருந்தோம்பல். வீட்டுக்கு வரும் இறைஊழியரை லீதியாவைப் போல முகம் கோணாமல் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். வணிகர் போய்விட்டார், சபைக்கு இடம் கொடுத்த தலைவி போய்விட்டார், மீன்குழம்பு வைக்கிற லீதியா மட்டும் மிஞ்சினார்.

அதே பிலிப்பியில் இன்னொரு பெண் உண்டு. குறி சொல்லும் அடிமைச் சிறுமி. அவள் சொல்லும் குறியில் அவளுடைய எசமானர்கள் சம்பாதித்தார்கள். நாள்கணக்கில் பின்னாலேயே வந்து கத்துகிறாளே என்று எரிச்சலுற்ற பவுல் அவளிடமிருந்த ஆவியை ஓட்டினார். வருமானம் போன ஆத்திரத்தில் எசமானர்கள் பவுலையும் சீலாவையும் இழுத்துப்போய் அடி வாங்க வைத்தார்கள். பவுல் கிடந்ததாகச் சொல்லப்படும் சிறையைக் காட்டினார்கள், முழங்காலிட்டோம், படம் எடுத்தோம். அந்தச் சிறுமி என்ன ஆனாள்? சம்பாதித்துக் கொடுக்கும்வரை வைத்திருந்தவர்கள், இனி உதவ மாட்டாள் என்று தெரிந்ததும் அவளை என்ன செய்திருப்பார்கள்? திருத்தூதர் பணிகள் நூல் அதைச் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று நினைத்துப் பார்க்க ஒரு நிமிட மௌனம்கூட அங்கே இல்லை.

பஸ் நிற்காத துறைமுகம்

கொரிந்து நகரில் பவுலுக்குத் தங்க இடமும் செய்யத் தொழிலும் கொடுத்தவர்கள் பிரிஸ்கில்லா, அக்கிலா தம்பதி. கிளாதியு பேரரசர் யூதர்களை ரோமிலிருந்து விரட்டியபோது வந்து சேர்ந்த அகதிகள். கூடாரம் செய்வது தொழில். புதிய ஏற்பாட்டில் இருவர் பெயரும் ஆறு இடங்களில் சேர்ந்தே வருகிறது. அதில் நான்கில் மனைவியின் பெயர் முதலில். எபேசு நகரில் அப்பொல்லோ என்ற நாவன்மை மிக்க போதகரைத் தனியே அழைத்துப்போய், இறைநெறியை இன்னும் திருத்தமாக விளக்கியவர்கள் இவர்கள்.

ஊர் பெயரைக் கவனியுங்கள். எபேசு. பெண் கற்பிக்கக் கூடாது என்று சொல்லும் அந்தத் திருமுகம் திமொத்தேயு எந்த ஊரில் இருப்பதாகச் சொல்கிறது? அதே எபேசில். ஒரு பெண் ஒரு ஆண் போதகருக்குக் கற்பித்த ஊருக்கே, பெண் கற்பிக்கக் கூடாது என்ற கட்டளை போகிறது. ஏன் போயிற்று? அங்கே பெண்கள் கற்பித்துக்கொண்டிருந்ததால் போயிற்று. நடக்காத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. அந்தத் திருமுகம் பவுலே எழுதியது அல்ல, அவருக்குப் பிந்திய தலைமுறையினது என்று விவிலிய அறிஞர் பலர் சொல்கிறார்கள். பவுல் வாழ்ந்த காலத்தில் திறந்திருந்த கதவை அவர் பெயரைச் சொல்லிப் பின்னால் வந்தவர்கள் சாத்தியிருக்கிறார்கள்.

கொரிந்திலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை கெங்கிரேயா. கொரிந்தின் கீழ்த்திசைத் துறைமுகம். பவுல் அங்கே தலைமுடி வெட்டிக்கொண்டு கப்பல் ஏறினார் என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறது. அதைவிடப் பெரிய சேதி உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. கெங்கிரேயா சபையின் பெபேயாவை வரவேற்கும்படி ரோமில் இருப்பவர்களுக்குப் பவுல் பரிந்துரைக்கிறார். அவருக்குப் பவுல் கொடுக்கும் பட்டம் 'தியாக்கொனோஸ்'. தன்னையும் அப்பொல்லோவையும் குறிக்கப் பவுல் பயன்படுத்துவதும் இதே சொல். இந்தச் சொல்லிலிருந்துதான் இன்று பீடத்தில் நிற்கும் திருத்தொண்டர் பட்டம் வந்தது. பலருக்கும் எனக்கும் ஆதரவாளராக இருந்தவர் என்றும் சேர்த்துச் சொல்கிறார். உரோமையர் திருமுகத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெபேயாதான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பவுலின் சிந்தனையின் உச்சம் என்று குருமடத்தில் வருடக்கணக்கில் படிக்கப்படும் அந்தக் கடிதம் ஒரு துறைமுகத்துப் பெண்ணின் மூட்டையில் பயணம் செய்தது.

எங்கள் பஸ் கெங்கிரேயாவில் நிற்கவில்லை. நேரமில்லை என்றார்கள். அன்று மாலை ஏதென்ஸில் தோல் பொருள் கடையொன்றில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

கெங்கிரேயாவில் பழைய துறைமுகத்தின் கட்டடங்களும் பிற்காலத்துக் கோவில் ஒன்றின் சுவர்களும் இன்று பாதி தண்ணீருக்குள் கிடக்கின்றன. அங்கே கடல் ஏறி வந்துவிட்டது. எங்கள் கொற்கையில் கடல் விலகிப் போய்விட்டது. துறைமுகம் அழிவதென்றால் என்ன என்று தூத்துக்குடிக்காரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று நிமிடம் இறக்கிவிட்டிருந்தால் போதும், அந்தக் கரையின் மொழி எங்களுக்குப் புரிந்திருக்கும்.

புனிதப் பயணம் என்பதே ஆண்கள் நடக்க, பெண்கள் பின்தொடரும் காரியம் என்று நினைக்க வேண்டாம். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பயண நூல்களில் ஒன்றை எழுதியவர் எகேரியா என்ற பெண். 380களில் எருசலேம், சீனாய், சிறிய ஆசியா என்று சுற்றி, ஊரில் இருந்த தன் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். இன்றைய துருக்கியில் உள்ள செலூக்கியாவில் புனித தெக்லாவின் திருத்தலத்துக்குப் போனபோது, தன் பழைய தோழி மார்த்தானாவைச் சந்தித்த மகிழ்ச்சியைப் பதிவு செய்கிறார். மார்த்தானா அங்கே துறவியரை நடத்திய தலைவி. எகேரியா அவருக்குக் கொடுக்கும் அடைமொழி, பெண் திருத்தொண்டர். இந்த நூலின் கையெழுத்துப் படி 1884இல்தான் இத்தாலியில் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. எங்கள் கையில் கொடுத்த பயணக் கையேட்டில் எகேரியா பெயர் இல்லை.

வெட்டியவர்கள் யார்?

அந்த வழிகாட்டிச் சாமியாருக்குத் தெரியாது, விட்டுவிட்டார் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் போனதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலி வாசக ஒழுங்கை எடுத்துப் பாருங்கள். உரோமையர் 16ஆம் அதிகாரம் ஞாயிற்றுக்கிழமை வாசகமாக வரும்போது கடைசி மூன்று வசனங்கள் மட்டும். அதன் பெயர்ப் பட்டியல் வருவது வார நாளில், ஒற்றைப்படை ஆண்டுகளில், பொதுக்காலம் 31ஆம் வாரம் சனிக்கிழமை. அந்த வாசகம் எங்கே தொடங்குகிறது? மூன்றாம் வசனத்தில். முதல் இரண்டு வசனங்கள் எங்கே? அவைதான் பெபேயா. கோவிலுக்குத் தவறாமல் போகும் ஒரு பெண் ஐம்பது வருடம் திருப்பலி கண்டாலும் பெபேயாவின் பெயர் பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டுக் கேட்க மாட்டாள்.

உயிர்த்த ஞாயிறு பகல் திருப்பலியின் நற்செய்தி யோவான் 20. ஒன்பதாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பேதுருவும் இன்னொரு சீடரும் ஓடிவந்து வெறுங்கல்லறையைப் பார்ப்பதோடு சரி. அவர்கள் திரும்பிப் போனபின் அழுதுகொண்டு நின்ற மகதலா மரியாவை இயேசு பெயர் சொல்லி அழைத்ததும், போய்ச் சொல் என்று அனுப்பியதும் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்து வழியும். செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் இருப்பார்கள்? 2016இல் போப் பிரான்சிஸ் மகதலா மரியாவின் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தினார். திருத்தூதர்களின் திருத்தூதர் என்று அவரை அழைப்பது பழைய மரபுதான். விழா உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசகம் ஒன்பதாம் வசனத்திலேயே நிற்கிறது.

யூனியாவின் கதை இன்னும் மோசம். உரோமையர் 16:7இல் பவுல் இவரைத் திருத்தூதர்களிடையே பேர்பெற்றவர் என்கிறார். நான்காம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோம், பெண்ணாயிருந்தும் திருத்தூதர் என்று சொல்லப்படும் அளவுக்கு இவர் எவ்வளவு பெரியவர் என்று வியந்தார். இடைக்காலத்தில் இவரை ஆணாக்கினார்கள். உலகெங்கும் குருமடங்களில் பயன்படும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927இல் இந்தப் பெயரை 'யூனியாஸ்' என்ற ஆண் பெயராக அச்சிட்டது. அப்படியொரு ஆண் பெயர் பழைய கிரேக்க, இலத்தீன் ஆவணங்களில் எங்கும் காணப்படவில்லை. 1998 அச்சில்தான் யூனியா மறுபடி பெண்ணானார். திருத்தூதர் பெண்ணாக இருக்க முடியாது, ஆகவே இவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது வாதம். பிறகு அதே ஆட்கள், திருத்தூதர்களில் பெண்ணே இல்லை, ஆகவே பெண் குருவாக முடியாது என்பார்கள்.

பணியாரம் விற்றவளும் செருப்புக் காசும்

கடல் தாண்டி நடப்பதைச் சொல்லிவிட்டு எங்கள் கரையைச் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்கும் ஒரு திருத்தூதர் பயணம் உண்டு. 1542இல் வந்து மணப்பாடு முதல் தூத்துக்குடி வரை மணலில் நடந்த பிரான்சிஸ் சவேரியாரின் பயணம். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை இன்றும் காட்டுகிறார்கள். அங்கேயும் பாதச்சுவடுதான்.

அவருக்கு முன்பே, 1536, 1537இல், பரதவர் திருமுழுக்குப் பெற்றுவிட்டார்கள். அது எப்படித் தொடங்கியது என்று வழிவழியாகச் சொல்லப்படும் கதையில் ஒரு பெண் இருக்கிறாள். தூத்துக்குடியில் பணியாரம் விற்றவள். அவளை ஒருவன் இழிவுபடுத்தினான், கணவன் சண்டைக்குப் போனான், அவன் காது அறுபட்டது, அதிலிருந்து கலகம் மூண்டது என்று கதை போகிறது. இதை இரண்டு மதத்தாரின் பகையாகவே இன்றும் மேடையில் முழங்குகிறார்கள். முத்துக்குளிப்பு யார் கையில் என்பதுதான் அந்தச் சண்டையின் வேர். என் கேள்வி வேறு. பரதவருக்கு யோசனை சொன்ன குதிரை வணிகர் ஜோவாம் த குரூஸுக்குப் பெயர் இருக்கிறது. திருமுழுக்குக் கொடுத்த மிகேல் வாஸுக்குப் பெயர் இருக்கிறது. பணியாரக்காரிக்குப் பெயர் இல்லை. ஒரு இனத்தின் மதமாற்றத்துக்கே காரணமாகச் சொல்லப்படும் பெண்ணுக்கு ஒரு தெருப் பெயர்கூடக் கிடையாது.

சவேரியார் பஞ்சத்திலும் படையெடுப்பிலும் எங்கள் மக்களோடு நின்றவர். 1544இல் வடுகர் படை தாக்கியபோது, முனைக்கு ஓடி ஒளிந்தவர்களுக்கு வள்ளங்களில் உணவு கொண்டு புறப்பட்டவர். அதை மறுப்பவள் நான் அல்ல. அதே ஆண்டில் தன் துணைவர் மான்சில்லாஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சாராயம் குடிக்கும் பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு பணம் என்று சேவகனுக்கு வெகுமதி, பிடிபட்டவளுக்கு மூன்று நாள் சிறை. பெண்ணைக் காட்டிக்கொடுத்தால் காசு என்ற ஏற்பாடு எங்கள் கரைக்கு நற்செய்தியோடு கூடவே வந்து இறங்கியது.

செருப்புக் காசையும் சொல்ல வேண்டும். முத்துக்குளித்துறை வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 4,000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தை ஊர் ஊராக வேதம் சொல்லிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குத் தரும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். விண்ணகம் ஏற அரசிக்கு இதைவிட நல்ல செருப்பு கிடைக்காது என்ற பொருளில் எழுதினார். நல்ல காரியம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். எங்கள் கடலில் மூச்சை அடக்கி எடுத்த முத்து, கடல் தாண்டி ஒரு பெண்ணின் காலுக்கு வரியாகப் போனது. அங்கிருந்து திரும்பியபோது ஆண்களின் சம்பளமாகத் திரும்பியது. வேதம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அன்று சம்பளம் உண்டு, வேலை ஆண்களுக்கு. இன்று எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறவர்கள் பெண்கள். சம்பளம் கிடையாது, அது சேவை.

எங்கள் பங்கில் பெண் கற்பிக்கலாம், பையன்களுக்கு மீசை முளைக்கும்வரை. அதற்கு மேல் மறையுரை மேடை ஆணுக்கு.

மாதா இருக்கிறாரே

இதையெல்லாம் பேசினால் முதலில் வரும் பதில்: பனிமய மாதா இருக்கிறாரே, இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன பெருமை வேண்டும்? ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியே அவர் காலடியில் கிடக்கிறது. உண்மை. எங்களுக்கும் அவர் தாய்தான். ஆனால் தங்கத் தேரில் ஒரு பெண்ணை ஏற்றிவைத்துவிட்டு, பல கடலோர ஊர்களில் ஊர்க் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு நாற்காலி போட மறுப்பது மாதாவுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

இரண்டாவது பதில்: இயேசு தேர்ந்த பன்னிருவரும் ஆண்கள். ஆமாம். பன்னிருவரும் யூதர்களும்கூட. ஒருவரும் தமிழர் இல்லை, ஒருவரும் பரதவர் இல்லை. இனத்தில் அந்த அளவுகோலைத் தளர்த்தி எங்கள் அண்ணன் தம்பிகளைக் குருக்களாக்க முடிந்தவர்களுக்கு, பாலில் மட்டும் அது இரும்பாகிப் போவது ஏன்?

மூன்றாவது பதில்: நம் பண்பாடு ஏற்காது. தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்துகிறது. 2013இல் புஷ்பா லலிதா ஆந்திரத்தின் நந்தியால் பேராயர் ஆனார். வானம் இடிந்து விழவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் 1994இல் போப் இரண்டாம் ஜான் பால் பெண் குருத்துவம் பற்றிய கதவைச் சாத்தினார். பெண் திருத்தொண்டர் பற்றி ஆராய 2016இல் ஓர் ஆணையம் போட்டார்கள், 2020இல் இன்னோர் ஆணையம் போட்டார்கள். பெபேயா பற்றி உரோமையர் 16இல் இரண்டு வசனம் எழுதப் பவுலுக்கு ஆணையம் தேவைப்படவில்லை.

திறந்த கதவுகளுக்கே இங்கு ஆள் நுழையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களின் பாதமும் கழுவப்படலாம் என்று 2016 ஜனவரியில் ரோம் அறிவித்தது. வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி வழங்கலாம் என்று 2021 ஜனவரியில் திருச்சபைச் சட்டமே மாறியது. உங்கள் பங்கில் எத்தனை பெண்களின் பாதம் கழுவப்பட்டது? எத்தனை பெண்களுக்கு அந்தப் பணி முறைப்படி வழங்கப்பட்டது? அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் நின்று கேளுங்கள். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ப் பவுலின் பாதச்சுவட்டை முத்தமிடத் தயாராக இருக்கும் கூட்டத்துக்கு, பக்கத்து வீட்டு மீன்காரியின் பாதத்தைக் கழுவக் கை நீளவில்லை என்றால் அந்தப் பயணத்தின் பலன் என்ன?

பயணம் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போங்கள். ஆனால் முன்பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். கெங்கிரேயாவில் பஸ் நிற்குமா? உரோமையர் 16 முதல் வசனத்திலிருந்து முழுதாக வாசிக்கப்படுமா, அதுவும் ஒரு பெண்ணின் குரலில்? பத்து நாளில் ஒரு நாளாவது, விவிலியம் படித்த அருட்சகோதரியோ பொதுநிலைப் பெண்ணோ விளக்கவுரை தருவாரா? அப்படிப் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், மேடைதான் இல்லை. நாலாவதாக, போகிறவர்களின் பணத்தில் ஒரு பங்கு, உப்பளத்திலும் மீன் சந்தையிலும் வேலை செய்யும் ஒருத்தியை இலவசமாகக் கூட்டிப்போக ஒதுக்கப்படுமா?

மாணவிகளுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. மணப்பாட்டிலிருந்து வேம்பார் வரை எங்கள் கரையில் வேதம் சொல்லிக்கொடுத்த, நோயாளிக்குச் செபம் சொன்ன, குருவானவர் வராத நாளில் செபமாலையால் கோவிலைத் திறந்து வைத்திருந்த பெண்களின் பெயர்களை எழுதிச் சேருங்கள். பாட்டிகள் இருக்கும்போதே கேளுங்கள். பணியாரக்காரிக்கு நடந்தது இவர்களுக்கு நடக்க விடாதீர்கள்.

கேட்டால் கோபிப்பார்கள். பக்தியில் அரசியல் கலக்காதே என்பார்கள். முதல் இரண்டு வசனங்களை வெட்டியவர்கள்தான் அரசியல் செய்தவர்கள். வெட்டியதைத் திருப்பிக் கேட்கிறவர்கள் வேதத்தை முழுதாக வாசிக்கச் சொல்கிறவர்கள்.

அடுத்த பயணத்துக்கு நோட்டீஸ் அடித்தாயிற்று. சீட்டுப் பணமும் வளையலும் இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன. பதில் வரும்வரை அவை அங்கேயே இருக்கட்டும்.